வால்வுப் பெருக்கியும் வாழும் வீடும்

மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவி

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பது நம் பெரியோர் வாக்கு. ஒலிப்பெருக்கிக்கும் அது பொருந்தும் என்பதை நான் வகுப்பறையில் அறிந்தேனில்லை. 26,000 ரூபாய் கண்முன்னே புகையாகிப் போன பிறகே அறிந்தேன். அந்தப் புகையிலிருந்து கற்றதைச் சக மாணவ நண்பர்களோடு பகிர்ந்து கொள்ளவும், பிழை இருப்பின் பேராசிரியப் பெருமக்கள் திருத்தவும் வேண்டியே இக்கட்டுரையை வரைகிறேன்.

எங்கள் வீட்டிற்கு ஹெட்போன் ஏன்?

போடிநாயக்கனூரில், மேற்கே பார்த்தால் மலை தெரியும் ஒரு தெருவில் எங்கள் வீடு இருக்கிறது. ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, முன்னால் ஒரு திண்ணை. அம்மா ஏலத் தோட்டத்தில் காய் எடுக்கும் வேலைக்குப் போகிறார். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, சோறு பொங்கித் தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு ஜீப்பைப் பிடிக்க வேண்டும். போடிமெட்டு வளைவுகளில் ஏறி, எல்லை தாண்டி இடுக்கி மலையில் இறங்கினால், நாள் முழுவதும் செடியின் தூரடியில் குந்தியிருந்து காய் எடுக்க வேண்டும். இரவு எட்டரைக்கு அவர் படுத்துவிட்டால் வீட்டில் ஒரு தம்ளர் உருளும் ஓசைகூடக் கேட்கக் கூடாது. ஆகவே எங்கள் வீட்டில் இசை என்றால், அது காதோடு காதாகத்தான் இருக்க இயலும்.

வால்வின் மீது எனக்கு மோகம் பிறந்ததற்குத் தாத்தா காரணம். அம்மாவின் தந்தையாகிய அவர் 1968 முதல் மைக் செட் வைத்துத் தொழில் செய்தவர். கலியாணம், காதுகுத்து, கோயில் பொங்கல், தேர்தல் கூட்டம் என அவருடைய கூம்புக் குழாய்கள் ஏறாத மரம் இந்த வட்டாரத்தில் குறைவு. அவருடைய பழைய தகரப் பெட்டியில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் வால்வுகள், செய்தித்தாளில் சுற்றியபடி இன்னமும் இருக்கின்றன. அந்நிறுவனம் 1961-இல் வானொலி வால்வுகளைச் செய்யத் தொடங்கியது; நம் நாட்டு வானொலிப் பெட்டிகள் பலவற்றிற்கு அவையே உயிரூட்டின.

வால்வு என்பது யாது?

காற்றகற்றிய கண்ணாடிக் குழல் ஒன்றினுள் எதிர்மின்வாயைச் சூடேற்றினால், அதிலிருந்து மின்னணுக்கள் ஆவிபோல் வெளிப்படுகின்றன. இதுவே வெப்ப அயனி உமிழ்வு. இதன் விதியைக் கண்ட ஓவன் ரிச்சர்ட்சனுக்கு 1928-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு வழங்கப்பட்டது. வெளிப்பட்ட மின்னணுக்களை எதிரே உள்ள நேர்மின்வாய் ஈர்த்துக்கொள்ளும். 1904-இல் ஃபிளெமிங் இவ்விரண்டு முனைகளைக் கொண்டே முதல் வால்வை அமைத்தார். 1906-இல் அமெரிக்கரான டி ஃபாரஸ்ட் இரண்டிற்கும் இடையே மெல்லிய கம்பி வலை ஒன்றைப் புகுத்தினார். உலகை மாற்றியது அந்த வலையே எனலாம்.

கண்மாய் மதகை எண்ணிப் பாருங்கள். பலகையை ஓர் அங்குலம் தூக்கவோ இறக்கவோ சிறுவன் ஒருவனே போதும். ஆனால் பாய்வது பெருவெள்ளம். அதுபோலவே வலையின் மீது விழும் சிறிய மின்னழுத்த மாற்றம், குழலுக்குள் பாயும் பெரிய மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறது. பாடகரின் குரல் பலகையைத் தூக்கி இறக்க, மின் இணைப்பிலிருந்து வரும் வெள்ளம் அதே வடிவில் பாய்கிறது. பெருக்கம் என்பது இவ்வளவுதான்.

1947 டிசம்பரில் டிரான்சிஸ்டர் பிறந்தது. சூடேற்ற வேண்டாத, உடையாத, விரல் நகத்தினும் சிறிய அப்பொருள் வால்வை மெல்ல மெல்ல வீட்டை விட்டு வெளியேற்றியது. எனினும் இசைப் பிரியர் சிலர் வால்வை விடவில்லை. இன்றும் சுலோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளில் புதிய வால்வுகள் செய்யப்படுகின்றன. ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1991-இல் ‘ஆர்ஃபியஸ்’ என்ற ஹெட்போனை வால்வுப் பெருக்கியோடு சேர்த்து 300 எண்ணிக்கை மட்டுமே செய்தது. 2015-இல் அதன் வழித்தோன்றலை அறிவித்தது. சலவைக்கல் பீடத்தில் எட்டு வால்வுகள் எழுந்து நிற்கும் அதன் விலை அப்போது சுமார் 50,000 யூரோவாக இருந்தது.

அவ்வொலி ஏன் பிடிக்கிறது?

எந்தப் பெருக்கியும் மூல ஒலியோடு தன் பங்காகச் சிறிது சேர்த்துவிடுகிறது. ஒற்றை மும்முனை வால்வு பெரும்பாலும் சேர்ப்பது இரண்டாம் மேற்சுரம், அதாவது மூல அதிர்வெண்ணின் இரு மடங்கு. நம் இசை மொழியில் சொன்னால், ஷட்ஜம் பாடும்போது அதன் மேல் ஷட்ஜம் மிக மெலிதாகக் கூட ஒலிக்கிறது. மூன்றாம் மேற்சுரம் மேல் ஸ்தாயிப் பஞ்சமமாகும். ஆக, இந்தக் கலப்படமும் சுருதியோடு சேர்ந்தே நிற்பதால் காது அதைக் குறையாகக் கொள்வதில்லை. தம்புராவின் நாதம் செழுமையாக இருப்பதும் மேற்சுரங்களின் பெருக்கத்தால்தான். சர் சி. வி. இராமன் 1921-இல் தம்புரா, வீணை ஆகியவற்றின் மேற்சுரங்களைப் பற்றி ஆராய்ந்து எழுதியதை இயற்பியல் மாணவர் மறக்கலாகாது.

ஆயினும் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். தம்புராவில் மேற்சுரம் இசைக் கலைஞர் வேண்டிச் சேர்த்தது. பெருக்கியில் அது கருவி கேளாமல் சேர்த்தது. பிடித்திருக்கிறது என்பது வேறு, உண்மையாய் இருக்கிறது என்பது வேறு.

நான் செய்த பிழை

இரண்டு கோடை விடுமுறைகளில் ஏலக்காய்க் கடையில் தரம் பிரித்து 20,000 ரூபாய் சேர்த்திருந்தேன். அம்மா சீட்டெடுத்து 6,000 தந்தார். அமெரிக்காவிலிருந்து திரும்பிய ஒருவரின் வால்வுப் பெருக்கியும், 300 ஓம் ஹெட்போனும் சேர்ந்து மதுரையில் ஒரு கடையில் விலைக்கு வந்தன. புதிதாக வாங்க எங்கள் கனவிலும் இயலாத பொருள்கள். “எல்லாம் சரியா இருக்கு, பிளக்கை மட்டும் மாத்திக்கங்க” என்றார் கடைக்காரர். பேருந்தில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன்.

பிளக்கை மாற்றிச் சொருகினேன். வால்வுகள் ஒளிர்ந்தன, மிகையாகவே ஒளிர்ந்தன. உறுமல் ஒன்று எழுந்தது. வார்னிஷ் கருகும் நெடி வீடெங்கும் பரவியது. தாத்தா திண்ணையிலிருந்து ஓடிவந்து பிளக்கை உருவினார். அதற்குள் பெரிய வால்வின் இழை அறுந்து, மின்தேக்கிகள் இரண்டு வீங்கி, மின்மாற்றி கருகிவிட்டது. கருவியின் பின்புறத் தகட்டில் 120 வோல்ட் என்று தெளிவாகப் பொறித்திருந்தது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். படித்தது இயற்பியல், படிக்காமல் விட்டது அந்தத் தகடு. ஃபியூஸ் காப்பாற்றியிருக்க வேண்டும். ஆனால் அதனிடத்தில் முன்பு யாரோ செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தார்கள். அதையும் நான் திறந்து பார்க்கவில்லை.

அம்மா எழுந்து வந்து பார்த்தார். “காசு போனாப் போகுது. கரண்டு ஒன்னைய அடிக்காம விட்டுச்சே, அது போதும்” என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். அவர் உறங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நாலு மணிக்கு வழக்கம்போல் எழுந்து போனார்.

1,150 சுற்றுகள்

மறுநாள் தாத்தா மின்மாற்றியைப் பிரித்தார். “தாயி, காயில் கட்டுனா எல்லாம் சரியாகும். நீ எண்ணு, நான் சுத்துறேன்” என்றார். அவரிடம் ஒரு கணக்கு உண்டு. இரும்பு உள்ளகத்தின் குறுக்குப் பரப்பைச் சதுரச் சென்டிமீட்டரில் அளந்து, 45-ஐ அதனால் வகுத்தால், ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்று தெரியும். எங்கள் மின்மாற்றியின் பரப்பு 9; ஆகவே வோல்ட்டுக்கு 5 சுற்று; 230 வோல்ட்டுக்கு 1,150 சுற்று. இந்த 45 எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. நான் ஃபாரடே விதியில் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணையும் 1 டெஸ்லா காந்தச் செறிவையும் இட்டுப் பார்த்தேன். அதே 45 வந்தது. பாடநூலும் தாத்தாவும் ஒரே ஊரில் சந்தித்த நாள் அது.

ஐம்பது சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை வீதம் எடுத்து வைத்தேன். 23 கொட்டைகள் சேர்ந்தபோது முதற்சுருள் முடிந்தது. வால்வைச் சூடேற்றும் 6.3 வோல்ட்டுக்குத் தடித்த கம்பியில் 33 சுற்று. இழப்பை ஈடுகட்ட ஒன்றிரண்டு கூடுதல். சிறிய வால்வுக்கு ஈடாகத் தாத்தாவின் தகரப் பெட்டியிலிருந்து ஈ.சி.சி. 82 ஒன்று கிடைத்தது. பெரிய வால்வான 6080-ஐப் பெங்களூரிலிருந்து தபாலில் வரவழைத்தோம். மூன்றாம் வாரம் கருவி பாடியது.

தேர்ந்தெடுக்கும் முறை

நண்பர்களே, இத்தகைய கருவி வாங்க விரும்புவோர் பெருக்கியில் தொடங்கலாகாது. காதில் தொடங்கிப் பின்னோக்கி வர வேண்டும். முதற்கேள்வி, உங்கள் ஹெட்போனின் மின்னெதிர்ப்பு என்ன என்பதாகும்.

வால்வுப் பெருக்கிகள் மூவகை. வெளியீட்டு மின்மாற்றி இல்லாதவை முதல் வகை. என்னுடையது இவ்வகையே, இதன் உள் மின்னெதிர்ப்பு சுமார் 120 ஓம். 300 ஓம் ஹெட்போனைப் பொருத்தினால் மின்னழுத்தத்தில் 71 விழுக்காடு ஹெட்போனுக்குச் சேரும். கைபேசிக்கென்று செய்த 32 ஓம் ஹெட்போனைப் பொருத்தினால் 21 விழுக்காடே சேரும். மீதம் பெருக்கிக்குள்ளேயே வீணாகும், ஒலியும் திரியும். இரண்டாம் வகையில் மின்மாற்றி உண்டு. அது குறைந்த ஓமுக்கும் ஏற்றது. ஆனால் நல்ல மின்மாற்றி கனமானது, விலையும் கனமானது. மூன்றாம் வகையில் வால்வோடு டிரான்சிஸ்டரும் கூட்டுச் சேர்ந்திருக்கும். சிக்கனமானது, 32 ஓமுக்கும் அஞ்சாதது. ஆனால் மலிவான சிலவற்றில் வால்வின் அடியில் செந்நிற விளக்கை வைத்து ஒளிரச் செய்திருப்பார்கள். அழகுக்கு வைத்த ஒளியைக் கண்டு மயங்கலாகாது.

எத்தனை வாட் என்ற கேள்வி இங்குப் பெரிதன்று. தாத்தாவின் மைக் செட் 50 வாட். 300 ஓம் ஹெட்போனுக்கு 1 வோல்ட் தந்தால் அது பெறும் திறன் 3.3 மில்லிவாட், அதாவது மைக் செட்டில் பதினைந்தாயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவிலேயே அது காதைத் துளைக்கும்.

இரண்டாவது கேள்வி, உங்கள் வீட்டு மின்சாரம் எப்படி? மாலை நேரங்களில் எங்கள் தெருவில் மின்னழுத்தம் 200 வரை இறங்குவதை அளந்திருக்கிறேன். அப்போது 6.3 வோல்ட் வேண்டிய இழைக்கு 5.5 வோல்ட்டே கிடைக்கும். ஆகவே ஸ்டெபிலைசர் வேண்டும். அதனினும் முதன்மையாக எர்த் வேண்டும். எங்கள் வீட்டில் மூன்று துளை பிளக் இருந்தது. மூன்றாம் துளைக்குப் பின்னால் ஒன்றுமில்லை. தாத்தா கொல்லையில் குழி வெட்டி, உப்பும் அடுப்புக்கரியும் போட்டுக் குழாய் இறக்கிய பிறகே கருவியைத் தொட அனுமதித்தார்.

மூன்றாவது, பழையதை வாங்குவோர் கண்ணாடியை உற்று நோக்குக. வால்வின் உட்புறத்தில் வெள்ளி போல் ஒரு பூச்சு இருக்கும். எஞ்சிய காற்றை உறிஞ்சுவதற்கென இட்டது. அது பால்போல் வெளுத்திருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது என்று பொருள். நான்காவது, பின்புறத் தகட்டைப் படியுங்கள். இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

கண்ணை மூடிக் கேட்டபோது

வால்வின் ஒலி உண்மையிலேயே வேறுதானா, அன்றி நான் பட்ட பாடு என்னை அப்படி நம்ப வைக்கிறதா என்ற ஐயம் என்னை வாட்டியது. தோழி ஒருத்தியை அழைத்து, ஒரு சாதாரண டிரான்சிஸ்டர் பெருக்கியையும் வால்வையும் எனக்குத் தெரியாமல் மாற்றி மாற்றிப் பொருத்தச் சொன்னேன். முதலில் பத்துக்கு எட்டு முறை வால்வைச் சரியாகச் சொன்னேன். பெருமிதம் தாங்கவில்லை. பிறகு மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால், வால்வு சற்று உரத்து ஒலித்திருக்கிறது. உரத்ததை உயர்ந்தது என்று கருதுவது காதின் இயல்பு.

இரண்டையும் சம அளவாக்கி மீண்டும் சோதித்தோம். எம். எஸ். சுப்புலட்சுமியின் குரலில் பத்துக்கு ஆறு. கண்ணை மூடி நாணயத்தைச் சுண்டிச் சொன்னாலும், ஆறோ அதற்கு மேலோ சரியாவது நூற்றுக்கு 38 தடவை நிகழும். ஆகவே அதில் பெருமை இல்லை. ஆனால் தவில் ஒலித்தபோது பத்துக்கு ஒன்பது. இது தற்செயலாக நிகழும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றே.

காரணத்தைத் தேடினேன். 300 ஓம் எனக் குறித்த ஹெட்போன் எல்லா அதிர்வெண்ணிலும் 300 ஓம் அன்று. தாழ்ந்த சுரங்களில் 500 ஓம் வரை ஏறக்கூடும். அப்போது 120 ஓம் பெருக்கியிலிருந்து 71-க்குப் பதில் 81 விழுக்காடு மின்னழுத்தம் ஹெட்போனுக்குப் போகிறது. அதனால் தவிலின் தாழ்ந்த நாதம் சுமார் ஒரு டெசிபெல் ஓங்கி ஒலிக்கிறது. நான் வால்வின் மாயம் என்று நினைத்ததில் பெரும்பகுதி, நாம் முதலாண்டிலே படித்த ஓமின் விதி! இதனால் என் இன்பம் குறைந்துவிடவில்லை. ஏன் இனிக்கிறது என்று தெரிந்த பிறகும் பனங்கற்கண்டு இனிக்கத்தான் செய்கிறது.

உடன் வாழும் முறை

இக்கருவியோடு வாழ்வது மாட்டோடு வாழ்வது போன்றது. அதன் குணமறிந்து நடக்க வேண்டும். சுவிட்சைப் போட்டவுடன் பாடாது. ஒரு நிமிடம் சூடேற வேண்டும். சூடேறிய பின்னரே ஹெட்போனைச் சொருகுவேன். அணைக்கும் முன் உருவிவிடுவேன். தொடக்கத்து அதிர்ச்சி ஹெட்போனைத் தாக்காதிருக்க இது நல்லது. பெரிய வால்வின் இழை மட்டுமே 16 வாட் மின்சாரத்தை உண்டு சூடாகிறது. கண்ணாடியைத் தொட்டால் விரல் கொப்பளிக்கும். காற்றோட்டமில்லாத அலமாரியில் வைக்கலாகாது. வெதுவெதுப்பை நாடிப் பல்லி வருவதால், ஒரு பழைய சல்லடையை வளைத்துக் கூண்டாக்கி மூடியிருக்கிறேன்.

மின்செலவு அஞ்சத்தக்கதன்று. நாள்தோறும் இரண்டு மணி நேரம் கேட்டாலும் இரு மாதத்திற்கு 5 யூனிட்டுக்கும் குறைவே. ஒரு வால்வு 5,000 மணி நேரம் உழைப்பதாகக் கொண்டால், அவ்வளவு கேட்க ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆகும். ஐப்பசியில் மலைமேல் மின்னல் வெட்டினால் சுவிட்சை அணைப்பது போதாது. பிளக்கையே உருவிவிட வேண்டும். கைபேசியைச் சார்ஜரில் போட்டபடி இணைத்தால் உறுமல் வரக்கூடும். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள்.

மிக முக்கியமானது இது. அணைத்த பின்னும் மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும். மூடியைத் திறக்கத் தெரியாதவர் திறக்கவே கூடாது. தாத்தா எனக்குக் கற்பித்த முதற்பாடம், “ஒத்தக் கையால வேல பாரு, மத்தக் கையப் பொறத்தால கட்டிக்க” என்பது. இரு கைகளிலும் தொட்டால் மின்னோட்டம் இதயத்தின் வழியே செல்லும் என்பதை அவர் நூலில் படித்தவரல்லர்.

தாத்தாவின் காதுகள்

கருவி பாடிய முதல் இரவு, திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரத்தை வைத்து ஹெட்போனைத் தாத்தாவின் காதில் மாட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவர், “இன்னுங் கொஞ்சம் கூட்டு தாயி” என்றார். கூட்டினேன். மீண்டும் கூட்டச் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். கூம்புக் குழாய்களின் அடியில் கழிந்த ஆண்டுகள் அவருடைய காதிலிருந்து உயர்ந்த சுரங்களைக் கொண்டுபோய்விட்டன. அவற்றை எந்தப் பெருக்கியாலும் திருப்பித் தர இயலாது. செவியினுள் அழிந்த நுண்மயிர்ச் செல்கள் மீண்டும் வளர்வதில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் வாரத்திற்கு 40 மணி நேரம் 80 டெசிபெல் வரை கேட்கலாம் என்கிறது. மூன்று டெசிபெல் கூடுந்தோறும் அந்நேரம் பாதியாகிறது. 97 டெசிபெல் ஆனால் வாரத்திற்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. நல்ல பெருக்கியின் ஆபத்து இதுதான்: ஒலி சிதறாமல் இருப்பதால் உரத்திருப்பதே தெரிவதில்லை. ஆகவே ஒலிக்குமிழில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். அதற்குமேல் யாருக்காகவும் திருப்புவதில்லை, எனக்காகவும்.

முடிவுரை

விலை உயர்ந்த பெருக்கி எதைத் தருகிறது? நல்ல மின்மாற்றி, இணை பார்த்துப் பொறுக்கிய வால்வுகள், இரைச்சலற்ற அமைதி, செம்மையான வேலைப்பாடு ஆகியவற்றைத் தருகிறது. எதைத் தராது? ஹெட்போனுக்கும் வீட்டுக்கும் காதுக்கும் உரிய பொருத்தத்தைத் தராது. அதை நாமே அறிந்து தேட வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் கேட்டார். நாகசுரம் ஐந்து நிமிடம் ஒலித்தது. “கலியாண வீட்டுப் பந்தல்ல முன்னாடி உக்காந்த மாதிரி இருக்கு” என்றார். ஹெட்போனைக் கழற்றித் தந்துவிட்டு, “என் ஆறாயிரம் எப்ப வரும்?” என்றும் கேட்டார். அந்த விடுமுறையில் தாத்தாவோடு சேர்ந்து ஊரிலுள்ள ஸ்டெபிலைசர்களுக்கும் மின்மாற்றிகளுக்கும் காயில் கட்டி 4,000 ரூபாயைத் திருப்பிவிட்டேன். இன்னும் இரண்டாயிரம் நிற்கிறது. புளியங்கொட்டைகள் தகரப் பெட்டியில் அப்படியே இருக்கின்றன. அடுத்த விடுமுறையில் வேண்டியிருக்கும்.